'கண்மாய்' என்று தேடினால் இரண்டே நூல்: என்ன செய்வது?

கேள்வி: தென்மாவட்டக் கண்மாய்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நூலக ஓபேக்கில் (கணினி வழி நூற்பட்டியலில்) 'கண்மாய்' என்று அடித்தால் இரண்டே நூல்கள் வருகின்றன. வெளியே ஒருவர் 5,000 ரூபாய்க்கு நூற்பட்டியல் தயாரித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த இரண்டு நூல்களே போதும், மற்றவற்றை நீங்களே பிடித்துவிடலாம்.

நீங்கள் அடித்த எழுத்துகளைத்தான் கணினி தேடும். கண்மாய், ஏரி, குடிமராமத்து எல்லாம் ஒரே குடும்பம் என்று அதற்குத் தெரியாது. அவற்றை ஒரே பொருள் தலைப்பின் கீழ் சேர்ப்பது நூலகரின் வேலை. எனவே கிடைத்த நூலின் முழு விவரத்தைத் திறந்து, 'பொருள்' என்ற வரியைப் பாருங்கள். 'நீர்ப்பாசனம்' என்று இருந்தால் அதைச் சொடுக்குங்கள். பெயரில் கண்மாயே இல்லாத நூல்களும் வந்து நிற்கும்.

அப்புறம் வகை எண். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் நீர்வளம் 333.91, பாசனம் 631.587, தமிழக வரலாறு 954.82. உங்கள் கண்மாய் இந்த மூன்று அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கும். மூன்றுக்கும் நேரில் போய், கிடைத்த நூலின் இடமும் வலமும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளையும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருக்கிறார்கள். அதிலும் ஒருவர் 'கே ஏ என் எம் ஏ ஐ' என்பார், இன்னொருவர் கடைசியில் 'ஐ'க்குப் பதில் 'ஒய்' போடுவார், மூன்றாமவர் நடுவில் இரண்டு 'ஏ' வைப்பார். மூன்றையும் அடித்துப் பாருங்கள். முதல் நான்கெழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டும் பாருங்கள், பல ஓபேக்குகளில் அது வேலை செய்யும்.

பொருள் வரியே காலியாக இருந்தால் அது உங்கள் தவறல்ல. ஒரு நூலகத்தில் நூற்றுக்கணக்கான பதிவுகளில் 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பேற்ற நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதன், 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பதை 1931இலேயே ஒரு விதியாக எழுதிவிட்டார். அவர் மண்ணிலேயே இந்த நிலை என்றால் மனம் ஆறவில்லை.

பட்டியல் தருபவர்களில் பலர் பழைய ஆய்வேடுகளின் பின்பக்கத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். சிலர் இல்லாத நூலையே எழுதிவிடுகிறார்கள், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சந்தேகம் இருந்தால் அவர் பட்டியலில் ஐந்து நூல்களைத் தொட்டு, எந்த நூலகம், என்ன வகை எண் என்று கேளுங்கள்.