இரும்பைப் பிளக்கும் தண்ணீர்

கேள்வி: கனடாவில் ஏரிக்கரையில் வசிக்கும் என் மகனின் படகு இன்ஜின் சென்ற குளிரில் விரிசல் விட்டுவிட்டது. "திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்தேனே, நாலு சொட்டுதான் வந்தது" என்கிறான். இரும்பு எப்படி ஐயா உடையும்?
– மேலூர் வாசகர்

பதில்: சோடா பாட்டிலை ஃப்ரீசரில் மறந்து வைத்திருக்கிறீர்களா? என் மனைவி வைத்தார். கண்ணாடித் துண்டு பொறுக்கியது நான். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும்.

சிம்மக்கல் பட்டறையில் 30 ஆண்டுகள் பம்புசெட் இன்ஜின்களைப் பிரித்தவன் நான். பனியில் உடைந்த பிளாக் (இன்ஜினின் வார்ப்பிரும்பு உடல்) ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை; மதுரை வெயில் அதற்கு விடாது. ஆனால் அந்த "நாலு சொட்டு" எனக்கு நன்றாகவே தெரியும். சூடு தணிக்க ஏரித் தண்ணீர் ஓடும் பிளாக்கில் துருவும் மணலும் திருகுத் துளையின் உட்புறம் அப்பிக்கொள்ளும். தண்ணீர் வராததால் காலி என்று நினைத்துவிடுவோம். கம்பியை விட்டுக் குத்த வேண்டும். செந்நிறக் குழம்பு கொட்டி, பிறகு தெளிந்த நீர் வந்து நிற்கும். பிளாக்கின் இரு பக்கமும், புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டிலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை ஊற்றலாம். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வேண்டாம். அது நஞ்சு, வசந்தத்தில் இன்ஜினை ஓட்டியதும் நேராக ஏரிக்குத்தான் போகும்.

கியர் ஆயிலையும் பார்க்கட்டும். பால் கலந்த டீ போலிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் புகாமல் அடைக்கும் 'சீல்' வளையத்தை மாற்றியே தீர வேண்டும்.

பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டுவதைத் தண்ணீரை வடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.