ஓடாத இன்ஜினுக்குத்தான் ஆயில் கவலை அதிகம்: அணுமின் நிலைய டீசல் ஜெனரேட்டர் கேள்வி-பதில்

அணுமின் நிலையங்களில் அவசரத்துக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டர்கள் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றில் மசகு எண்ணெய் சம்பந்தப்பட்டதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இன்ஜின் வருஷத்துக்கு நூறு மணி நேரம்கூட ஓடுவதில்லை சார். ஆனால் ஓவர்ஹாலில் திறந்தால் பேரிங்கில் தேய்மானம் இருக்கிறது. மணிக்கணக்குப்படி இது கிட்டத்தட்டப் புது இன்ஜின், எப்படித் தேய்ந்தது?

பதில்: மணிக்கணக்கை விடுங்கள். எத்தனை தடவை ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று லாக் புக்கில் எண்ணிப் பாருங்கள். இதே இன்ஜின் ரயிலிலோ கப்பலிலோ இருந்தால் ஒருமுறை கிளம்பி நாள்கணக்கில் ஓடும். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒருமுறை பிடித்துவிட்டால் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. தேய்வதெல்லாம் அந்தப் படலம் பிடிப்பதற்கு முந்தைய சில நொடிகளில்தான். உங்கள் இன்ஜின் ஓடும் கொஞ்ச நேரத்தில் அந்த நொடிகளின் பங்கு மிக அதிகம்.

அதுவும் சாதாரண ஸ்டார்ட் இல்லை. பல நிலையங்களில் வெளி மின்சாரம் போனதிலிருந்து சுமார் 10 நொடிக்குள் முழு வேகமும் முழு வோல்டேஜும் வந்தாக வேண்டும், அடுத்த சில நொடிகளில் பெரிய பம்புகள் ஒவ்வொன்றாக லோடாக ஏறும். மெயின் ஆயில் பம்ப்போ இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது, கிராங்க் திரும்பினால்தான் அது எண்ணெய் தள்ளும். பம்ப்பிலிருந்து எது தூரமோ அங்கே எண்ணெய் கடைசியில்தான் போய்ச் சேரும்: மேல்மட்டத்து பேரிங், வால்வ் பக்கம், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் த்ரஸ்ட் பேரிங். இன்ஜின் சில்லிட்டுக் கிடந்தால் இன்னும் மோசம். எஸ்ஏஇ 40 எண்ணெய் 100 டிகிரியில் 14, 15 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்கும், 40 டிகிரியில் அதுவே 140, 150. பத்து மடங்கு கெட்டி. இதனால்தான் இன்ஜின் நின்றிருக்கும்போதும் ஹீட்டரும் சின்ன பம்ப்பும் வைத்து ஆயிலையும் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரையும் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்காவில் முன்பு இருந்த நெறிமுறைப்படி, கடைசி 100 சோதனைகளில் தோல்வி கூடக்கூட சோதனை இடைவெளி 31 நாளிலிருந்து 14, 7, கடைசியில் 3 நாள் என்று சுருங்கும். அதாவது எந்த இன்ஜினுக்கு உடம்பு சரியில்லையோ அதைத்தான் அடிக்கடி எழுப்பி ஓட விட்டார்கள். குளிர்ந்த நிலையில் அப்படி அவசர ஸ்டார்ட் கொடுப்பதே இன்ஜினைக் கெடுக்கிறது என்பது புரிந்து, அங்குள்ள அணு ஒழுங்குமுறை ஆணையம் 1984-ல் 84-15 எண்ணுள்ள கடிதத்தில் அதைக் குறைக்கச் சொன்னது. அதன் பிறகு மாதாந்திர சோதனைக்கு முன்கூட்டியே எண்ணெய் ஏற்றி, மெதுவாக வேகம் கூட்டி, படிப்படியாக லோடு கொடுக்கும் வழக்கம் பரவியது. உங்கள் விதிமுறை மெதுவான ஸ்டார்ட்டை அனுமதித்தும் யாரோ பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மாதமும் வேகமான ஸ்டார்ட் கொடுக்கிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஸ்டார்ட்டுக்கு முன்பே எண்ணெய் ஏற்றும் பிரீலூப் பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

பதில்: இன்ஜினைப் பொறுத்தது. தொடர்ந்து ஓடவே வடிவமைத்ததும் உண்டு. உதாரணமாக ஈஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் 645 டர்போ இன்ஜினில் சோக்-பேக் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டுக்கு முன் டர்போ பேரிங்குக்கு எண்ணெய் கொடுப்பதும், நிறுத்திய பிறகு அங்கே தேங்கும் சூட்டை எண்ணெய் விட்டு இழுப்பதும் அதன் வேலை.

ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் எதிர்-பிஸ்டன் இன்ஜினில் கதையே வேறு. அதில் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு, ஒன்று கீழே, ஒன்று சிலிண்டர்களுக்கு மேலே. மேல் கிராங்க்குக்கு எண்ணெயை ஓயாமல் ஏற்றினால் அது மேல் பிஸ்டனின் ரிங் வழியாகச் சொட்டிக் கீழ் பிஸ்டனின் தலையில் தேங்கும். எக்ஸாஸ்ட் துவாரங்களைத் திறந்து மூடுவதும் கீழ் பிஸ்டன்தான். அப்புறம் என்ன, ஸ்டார்ட் ஆனதும் அந்த எண்ணெய் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போகும். புகை வந்ததோடு போனால் அதிர்ஷ்டம், சூடேறியதும் உள்ளே தீப்பிடிக்கவும் கூடும். நிறையத் தேங்கியிருந்தால் அழுத்த முடியாத எண்ணெயில் பிஸ்டன் முட்டி, அதாவது ஹைட்ராலிக் லாக் ஆகி, கனெக்டிங் ராடே வளையலாம். அதனால் இந்த வகைக்கு ஸ்டார்ட்டுக்குச் சற்று முன்பு, தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்கு மட்டும் பிரீலூப்.

திட்டமிட்ட எந்த ஸ்டார்ட்டுக்கும் முன்னால் சிலிண்டர்களில் இருக்கும் இண்டிகேட்டர் காக் என்ற சின்ன வால்வைத் திறந்து வைத்துக் கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். காக் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் வருவது எண்ணெயா, தண்ணீரா, டீசலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஹீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பம்ப் நின்றுபோய் ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் ஹீட்டர் உறையில் எண்ணெய் கருகிப் படிமானமாகும், மற்ற இடமெல்லாம் குளிர்ந்திருக்கும். தெர்மாமீட்டர் ஹீட்டர் பக்கத்திலேயே இருந்தால் ரீடிங் அருமையாகக் காட்டும். சுற்று எடுக்கும்போது இன்ஜின் பக்கத்துக் குழாயையும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டோரில் நல்ல பிராண்ட் 15டபிள்யூ-40 ஆயில் இருக்கிறது. அவசரத்துக்கு டாப்-அப் செய்யலாமா?

பதில்: முதலில் இன்ஜின் எது என்று சொல்லுங்கள். ஈஎம்டி 567, 645 வகைகளில் பிஸ்டன் பின் பேரிங்கில் வெள்ளி முலாம் உண்டு. 15டபிள்யூ-40 மாதிரி லாரி ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகக் கலவை இரும்புக்கு நண்பன், வெள்ளிக்கு எமன். அரித்தே விடும். அதனால்தான் அந்த இன்ஜின்களுக்கு ரயில் இன்ஜின்களுக்கான துத்தநாகம் இல்லாத ஆயில். துத்தநாகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமான வரம்பு. ஒரு பீப்பாய் தவறான ஆயில் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியான சம்ப் முழுவதையும் அந்த வரம்பிலிருந்து வெளியே தள்ளப் போதும்.

வெள்ளி இல்லாத இன்ஜினாக இருந்தாலும் இரண்டு பிராண்டைக் கலப்பதற்கு முன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சேர்மானங்கள் ஒத்துப்போகாவிட்டால் படிவு விழும், ஃபில்டர் அடைக்கும், நுரை கட்டும். கை பம்ப்பும் கேனும்கூடத் தனியாக இருக்க வேண்டும், பாதி கலப்படம் அங்கேதான் நடக்கிறது.

கேள்வி: லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். ஆனால் ஃபில்டரில் மினுக்மினுக் என்று ஏதோ தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: ஃபில்டரை. லேப்பில் செய்யும் ஸ்பெக்ட்ரோ சோதனை மிக நுண்ணிய துகள்களை மட்டும்தான் சரியாகப் பார்க்கும், பத்து மைக்ரானைத் தொடும் துகள்களையே கோட்டை விட்டுவிடும். பேரிங் மெதுவாகத் தேய்ந்தால் அதில் பிடிபடும். உரிந்து செதில் செதிலாக வந்தால், நிலைமை மோசமாக இருக்கும்போதுதான், ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெள்ளைத் தாளில் பிழிந்து, எண்ணெயைக் கரைப்பானில் அலசிவிட்டுப் பாருங்கள். காந்தம் இழுத்தால் இரும்பு: லைனர், ரிங், பல்சக்கரம். இழுக்காமல் வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் நசுங்கினால் பேரிங்கின் வெள்ளை உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பு நிறம் வந்தால் மேல் பூச்சு போய் அடியடுக்கு தெரிய ஆரம்பித்திருக்கலாம், புஷ்ஷிலிருந்தும் வந்திருக்கலாம். துகள்களைப் பத்திரப்படுத்தி ஃபெரோகிராஃபிக்கு (காந்தத்தால் துகள்களைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். வெள்ளி பேரிங் உள்ள இன்ஜினில் ரிப்போர்ட்டில் வெள்ளி ஒன்றிரண்டு பிபிஎம் வந்தாலே உட்கார்ந்து யோசிக்க வேண்டும், மற்ற உலோகங்களுக்குக் கொடுக்கும் சலுகையை இதற்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் சாம்பிள் எடுக்கும் விதம். இன்ஜின் ஓடிச் சூடாக இருக்கும்போது, எப்போதும் ஒரே இடத்தில், முதலில் கொஞ்சம் வடியவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஒரு மாதம் ஓடும்போதும் மறுமாதம் நின்று ஆறிய பிறகும் எடுத்த சாம்பிள்களை வைத்துக்கொண்டு டிரெண்ட் போடுவதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: ஆயிலில் சோடியம் ஏறுகிறது. தண்ணீர் சோதனையில் ஒன்றும் இல்லை.

பதில்: கூலன்ட் கசிவைச் சந்தேகப்படுங்கள். சூடான ஆயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கூலன்டில் துருத் தடுப்புக்குச் சேர்த்த சோடியம், போரான் போன்றவை தங்கிவிடும். ஜாக்கெட் தண்ணீர் டேங்க்கை அடிக்கடி நிரப்புகிறார்களா என்று பார்த்து, பிரஷர் டெஸ்ட் வையுங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகுகிறது. ரிங் போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டு ரிங்கைக் கழற்றாதீர்கள். லோடு இல்லாமல் அல்லது மிகக் குறைந்த லோடில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள். அப்படி ஓடும்போது சிலிண்டர் சூடாகாது, ரிங் சரியாக அழுந்தாது, எரியாத டீசலும் மேலேறிய எண்ணெயும் கலந்து எக்ஸாஸ்ட்டில் படியும். வழக்கமான மாதாந்திர சோதனையே 90 முதல் 100 சதவீத லோடில் குறைந்தது ஒரு மணி நேரம் என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெறுமனே ஓடிய இன்ஜினுக்குச் சட்டென்று முழு லோடு கொடுக்காதீர்கள், படிந்திருப்பது தீப்பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நல்ல லோடில் சில மணி நேரம் ஓடிய பிறகும் ஒழுகினால் அப்போது ரிங், டர்போ சீல் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அவசர ஸ்டார்ட்டில், கோளாறு வந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் ட்ரிப் எல்லாம் பைபாஸ் என்கிறார்கள். ஆயில் பிரஷர் போனாலும் ஓடிக்கொண்டே இருக்குமா? இன்ஜின் போய்விடாதா?

பதில்: அணு உலைக்கு மின்சாரமே இல்லாத நேரத்தில் இன்ஜினைக் காப்பாற்றி என்ன செய்வது என்பதுதான் அந்த யோசனை. ஓவர்ஸ்பீடும், ஜெனரேட்டருக்குள் மின்பழுது வந்தால் நிறுத்தும் டிஃபரன்ஷியலும் மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் அலாரம் மட்டும். 1990 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் ஸ்விட்ச்யார்டில் ஒரு லாரி கம்பத்தில் மோதி வெளி மின்சாரம் போனது. ஒரு ஜெனரேட்டர் பராமரிப்பில் கழற்றிக் கிடந்தது, இன்னொன்று ஸ்டார்ட் ஆகி ட்ரிப் ஆனது, மறுபடியும் அதே. கடைசியில் ட்ரிப்களைப் புறக்கணிக்கும் அவசர முறையில் ஸ்டார்ட் செய்த பிறகுதான் நின்று ஓடியது. 36 நிமிடம் முக்கிய மின்சாரம் இல்லை. இன்ஜினில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, சந்தேகம் ஜாக்கெட் தண்ணீர் சூட்டைப் பார்க்கும் சென்சார்கள் மேல்தான் விழுந்தது.

ஆயில் பிரஷர் ட்ரிப்பை மட்டும் பல இடங்களில் விட்டு வைப்பார்கள். பிரஷர் உண்மையிலேயே போனால் இன்ஜின் எப்படியும் சீக்கிரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே சென்சாரை நம்பி நிறுத்தக் கூடாது, தனித்தனியான சென்சார்கள் குறைந்தது இரண்டு ஒத்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் மாட்டிவிட்டு மூன்று சென்சார் இருக்கிறது என்று சொல்வது கணக்குக்கு உதவாது.

கேள்வி: சர்வீஸுக்குப் பிறகு வேகம் ஏறி இறங்கி ஆடுகிறது. மெயின் ஆயில் பிரஷர் சரியாக இருக்கிறது.

பதில்: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பாருங்கள். பல கவர்னர்களுக்குத் தனி ஆயில், மெயின் சம்ப்போடு சம்பந்தமே கிடையாது. ஆயில் மாற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். உட்வர்ட் யூஜி-8 போன்றவற்றில் நீடில் வால்வைத் திறந்து அரை நிமிடம் அது ஆட்டமாகவே ஓட விட்டுக் காற்றை வெளியேற்றி, பிறகு திரும்ப செட் செய்ய வேண்டும். லெவலையும் இன்ஜின் ஓடும்போது பாருங்கள்.

இதோடு சேர்த்து ஜெனரேட்டர் பக்கத்து பேரிங்கையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதே இல்லை. நிறைய ஜெனரேட்டர்களில் அது ஷாஃப்ட் மேல் தொங்கும் ஒரு வளையத்தால் தானாக எண்ணெய் அள்ளிக்கொள்ளும் வகை. நிற்கும்போது ஒரு லெவல், ஓடும்போது எண்ணெய் மேலே போய்விடுவதால் கொஞ்சம் குறைந்த லெவல். ஓடும்போது குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றிவிட்டால் நின்றதும் வழிந்து வைண்டிங்குக்குப் போகும். சைட் கிளாஸ் இன்னொரு தொல்லை: வருஷக்கணக்கில் ஒரே உயரத்தில் எண்ணெய் நின்றதால் கண்ணாடியில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும், உள்ளே காலியாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு லெவல் சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும். டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சைட் கிளாஸின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பொய்தான் சொல்லும். பார்வைத் துளை இருந்தால் ஓடும்போது வளையம் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஷாஃப்டைவிட மெதுவாகச் சுற்ற வேண்டும்.

கேள்வி: கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு ஆயிலை மாற்ற வேண்டுமா?

பதில்: கந்தகம் குறைந்தால் அமிலம் குறைவு, அதனால் டிபிஎன் (அமிலத்தை முறிக்கும் திறனைக் காட்டும் எண்) மிக அதிகமான ஆயில் தேவையில்லை. தேவைக்கு மேல் இருந்தால் சாம்பல் படிவுதான் மிச்சம். கவனிக்க வேண்டியது இன்ஜெக்ஷன் பம்ப், அதற்கு டீசலே மசகு. அமெரிக்கத் தரமான டி975-ல் உயவுத்தன்மைச் சோதனையில் தேய்வுத் தழும்பு 520 மைக்ரானைத் தாண்டக் கூடாது, ஐரோப்பிய ஈஎன் 590-ல் 460. டி975 ஐந்து சதவீதம் வரை பயோடீசல் கலக்க அனுமதிக்கிறது என்பதையும் வாங்குபவர்கள் மறக்க வேண்டாம். அது ஆயிலில் கலந்தால் சாதாரண டீசல் மாதிரி சூட்டில் ஆவியாகிப் போகாது, தங்கிவிடும். ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட்டும் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) விஸ்காசிட்டியும் (கெட்டித்தன்மை) சேர்ந்து இறங்கினால் எரிபொருள் கலப்புதான், இன்ஜெக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கையிருப்பு எவ்வளவு ஆயில்?

பதில்: அமெரிக்க மாதிரி விதிகளில் முழு லோடில் ஏழு நாள் ஓடத் தேவையான அளவு. அதற்குக் கீழே போய் ஆறு நாள் அளவுக்கு மேல் இருந்தால் நிரப்ப 48 மணி நேரம் கொடுப்பார்கள். ஆனால் அந்த ஏழு நாள் கணக்கைப் புது இன்ஜின் குடிக்கும் அளவை வைத்துப் போட்டிருப்பார்கள். 24 மணி நேர ஓட்டம் நடக்கும்போது உங்கள் இன்ஜின் இப்போது உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து, அதை ஏழால் பெருக்கி ஸ்டோர் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.