நுகர்வோர் கேள்வி-பதில்: சுவருக்குள் போன பணம்

இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் வயரிங் புகார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: புது வீட்டு வயரிங்குக்கு 2.5 ஸ்கொயர் வயர், 90 மீட்டர் காயில், மற்ற கடைகளை விடப் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறது. வாங்கலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: முதலில் தராசில் வையுங்கள். 2.5 சதுர மி.மீ. வயர் 90 மீட்டருக்கு, செம்பு மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ வர வேண்டும். மேலுறையோடு சேர்த்தே 2 கிலோவைத் தொடவில்லை என்றால் நீளம் குறைவாக இருக்கும், கம்பி மெலிசாக இருக்கும், அல்லது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதோடு இருக்கும் சி.எம்./எல். உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். இந்த வகை வயருக்குரிய தர எண் ஐ.எஸ். 694. வேறு எண் வந்தால் வேண்டாம். பில் தர மறுத்தால் இதில் எதையும் பார்க்க வேண்டியதே இல்லை, கிளம்பி வாருங்கள்.

கேள்வி: 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பின் பெரிய பிளக்கை, கன்வெர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டலாமா? – ஈரோடு வாசகி

பதில்: கூடாது. அடுப்பு இழுப்பது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, சாக்கெட் தாங்குவது 6.

கேள்வி: இன்வெர்டர் வைத்ததிலிருந்து ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி டிரிப் ஆனது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிட்டார். இப்போது தொந்தரவே இல்லை. இப்படியே விடலாமா? – தாம்பரம் வாசகர்

பதில்: இந்த மாதிரி கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. ஒருவர் கூட "ஏன் டிரிப் ஆனது?" என்று கேட்டதாக எழுதுவதில்லை. கழற்றியதற்குக் கூலியும் கொடுத்திருப்பீர்கள்.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அது வேறு எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த 'எங்கோ' உங்கள் மகளின் கையாகவும் இருக்கலாம். எம்.சி.பி. (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டில் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் என்பது 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்கு கூட இல்லை, எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

எர்த் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். கணக்குப் போடுவோம். உங்கள் எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல குழிதான். கீசரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க, அதிகபட்சம் 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சூடாகித்தான் விழும், ஒரு நிமிடம் வரை கூட ஆகலாம். அதுவரை குழாயைத் தொட்டவர் கதி? குழி காய்ந்து 30 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 8 ஆம்பியருக்கும் குறைவு, எம்.சி.பி. விழவே விழாது. அதனால்தான் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது.

உங்கள் வீட்டில் கோளாறு பெரும்பாலும் இதுதான்: இன்வெர்டருக்கு ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்துவிட்டு, அந்த லைட்டுகளின் நியூட்ரலை அதற்குப் பின்னால் உள்ள, நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையிலேயே விட்டிருப்பார்கள். போன வழி ஒன்று, வந்த வழி ஒன்று. கருவி சரியாகத்தான் விழுந்தது. இன்வெர்டர் லைன்களின் நியூட்ரலைத் தனிப் பட்டைக்கு மாற்ற வேண்டும். எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை.

இன்வெர்டரே இல்லாத வீட்டில் விழுந்தால்: எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யின் சுவிட்சை மேலே தூக்கி ஆன் செய்யுங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில் கசிவு. கீசர், வெளிவாசல் லைட், மோட்டார் கேபிள், இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் அணைத்த பிறகும் விழுந்தால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் தொடுகிறது. ஒற்றை எம்.சி.பி.கள் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும்.

திரும்ப மாட்டும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதாகக் கேளுங்கள். 100, 300 போட்டவை உயிர் காக்க அல்ல. இன்வெர்டர் ஏ.சி., புது வாஷிங் மெஷின் இருந்தால் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி.யாகக் கேளுங்கள். ஓவர்லோடை இது தடுக்காது, முன்னால் எம்.சி.பி. வேண்டும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது கருவியைத்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

கேள்வி: சமையலறை எம்.சி.பி. 16 ஆம்பியர், ஓயாமல் விழுந்தது. நானே 32 வாங்கிப் போட்டுவிட்டேன். வயர் 1.5 ஸ்கொயர். இப்போது நன்றாக ஓடுகிறது. எந்த கம்பெனி 32 நீடித்து உழைக்கும்? – கோவை வாசகர்

பதில்: எம்.சி.பி. நீடித்து உழைக்கும். சுவருக்குள் இருக்கும் வயர்தான் உழைக்காது. பைப்புக்குள் 1.5 ஸ்கொயர் தாங்குவது சுமார் 15 ஆம்பியர், நீங்கள் மாட்டியது 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்கும் விழாது. வயரின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. இன்றைக்கே 10 ஆம்பியராக மாற்றுங்கள். அடுப்புக்கும் மிக்ஸிக்கும் தனித்தனி லைன், 2.5 ஸ்கொயரில் இழுங்கள். கம்பெனி பெயர் அதற்குப் பிறகு கேட்கலாம்.

கேள்வி: 150 ரூபாய் எக்ஸ்டென்ஷன் பெட்டி, மூன்று பின் ஓட்டை இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு ஆகுமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: ஓட்டை மூன்று, உள்ளே வயர் இரண்டு. அப்படி ஒன்றுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது கதவுக்கு முட்டு. ஃபிரிட்ஜுக்குச் சுவர் சாக்கெட்தான்.

கேள்வி: ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது. எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்ப் வைத்துக் காட்டினார், நன்றாக எரிந்தது. "எர்த் பக்கா" என்கிறார். – ஓசூர் வாசகி

பதில்: அம்மா, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டாலும் அந்த பல்ப் அதே மாதிரி எரியும். குழி தோண்டாமல் எர்த் 'காட்டுவது' இப்படித்தான். என்றாவது நியூட்ரல் கழன்றால், வீட்டில் எரிகிற ஒரு லைட் வழியாகவே ஃபிரிட்ஜ் உடம்புக்கு முழு 230 வோல்ட்டும் வந்துவிடும்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இருமுனை மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கட்டும். தொடர்பே இருக்கக் கூடாது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இணைப்பு வைத்திருக்கிறார்கள். பிறகு குழியைப் பாருங்கள்: பைப் எர்த் என்றால் 38 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம். மூன்றடிக் கம்பியை அடித்துவிட்டு மேலே மூடி போட்டிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதுவரை ஃபிரிட்ஜை வெறுங்காலோடு திறக்காதீர்கள். குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

கேள்வி: ஓய்வுப் பணத்தில் கட்டிய வீடு. வயரிங்குக்கு 1,80,000 ரூபாய் ஒப்பந்தம். எட்டு மாதத்தில் ஹால் சுவரில் புகை. உடைத்துப் பார்த்தால் பைப்புக்குள்ளேயே முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட். ஈ.பி. ஆள் வந்து பார்த்துத்தானே கனெக்‌ஷன் கொடுத்தார்? – தஞ்சை வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் பக்கம் தவறே இல்லை. இழுத்த பைப்புக்குள் ஜாயின்ட் என்பதே கூடாது. வேண்டுமென்றால் திறக்கக்கூடிய பெட்டிக்குள்தான்.

வந்தவர் பார்ப்பது பெரும்பாலும் மீட்டர் போர்டோடு சரி. உள் வயரிங்குக்கு உறுதி சொல்வது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட். மின் ஆய்வாளரின் ஒப்புதல் 15 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குத்தான் கேட்பார்கள், உங்கள் வீட்டுக்கு அவரும் வந்திருக்க மாட்டார். ஆக, அந்தக் காகிதம்தான் எல்லாம். பலர் வீட்டைப் பார்க்காமலே அதில் கையெழுத்தை விற்கிறார்கள்.

அதன் நகலை வாங்குங்கள். 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், ஃபேஸ்-நியூட்ரல் மூன்றுக்கும் அளந்த எண் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 1 மெகா ஓமுக்குக் குறையாமல். எர்த் எத்தனை ஓம் என்பதும் வேண்டும். எண்கள் இல்லாமல் 'சரி' என்று மட்டும் இருந்தால் அதுவே உங்கள் முதல் சாட்சி. உடைத்த சுவரைப் பூசாதீர்கள். ஜாயின்ட்டை அங்கேயே வைத்துப் படம் எடுங்கள். வேறொரு உரிமதாரரை வைத்து மெகர் அளவெடுத்து எழுதி வாங்குங்கள், டி.வி., ரூட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகுதான் அவர் அளக்க வேண்டும்.

பிறகு ஒப்பந்ததாரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. மனு எழுதத் தெரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசுவார்கள். கையெழுத்துப் போட்டவரையும் எதிர்தரப்பில் சேர்க்க மறக்காதீர்கள். உரிமம் வழங்கும் வாரியத்துக்கும் அதே ஆதாரங்களோடு தனியாக ஒரு புகார் அனுப்புங்கள்.