சாவி யாரிடம்? கல்லூரிச் சுற்றாடல் நிலையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய விஞ்ஞான அறையைச் சுற்றாடல் நிலையமாக மாற்ற அதிபர் இணங்கிவிட்டார். மழைமானி, நாற்றுமேடை, கூட்டெரு, கிணற்று நீர்ச் சோதனை என்று நான்கு வேலைகளை எண்ணியிருக்கிறோம். எத்தனை பேர் வேண்டும்? எல்லாவற்றையும் சுற்றாடல் கழக மாணவரிடமே விட்டுவிடலாமா?
— ஆசிரியை, கோப்பாய்

பதில்: மாணவரிடம் மட்டும் விட்டால் முதலாவது ஓகஸ்ட் விடுமுறையோடு நிலையம் படுத்துவிடும். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் பிள்ளைகள் இல்லை, மழையும் குறைவு. நாற்றுகள் ஒரு வாரத்தில் கருகும். உயர்தரப் பிள்ளைகள் பரீட்சை நெருங்கக் கழன்றுவிடுவார்கள், அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. ஆகவே நிலையத்தில் நிற்கிறவர்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், வந்துபோகிறவர்களைப் பிறகு சேருங்கள்.

நிற்கிறவர்கள் நான்கு பேர் போதும். பொறுப்பாசிரியர் ஒருவர். அவருக்குப் பதிலாக நிற்கக்கூடிய இரண்டாவது ஆசிரியர் ஒருவர், இவர் வேறு பாடம் படிப்பிப்பவராக இருப்பது நல்லது. இருவரும் விஞ்ஞானம் என்றால் பரீட்சைக் கடமையும் செயலமர்வும் இருவருக்கும் ஒரே நாளில் வரும். அளவுக்கருவிகளுக்கு ஆய்வுகூட உதவியாளர். தண்ணீர் ஊற்றவும் கூட்டெரு புரட்டவும் தோட்ட வேலை தெரிந்த சிற்றூழியர் ஒருவர், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். இந்த ஒன்றரை மணித்தியாலத்தை அவருடைய கடமைப் பட்டியலில் அதிபர் எழுத்தில் சேர்க்க வேண்டும். வாய்ச்சொல்லில் விட்டால் விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மைதானத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மாணவர் 16 பேர், வேலைக்கு நால்வர். ஒவ்வொரு நால்வரிலும் இருவர் 8ஆம், 9ஆம் தரத்தவராக இருக்கட்டும். தவணை தோறும் குழுக்களை மாற்றலாம், ஆனால் பழைய வேலையில் ஒருவரையாவது நிறுத்திவைத்து மாற்றுங்கள். நால்வரையும் ஒன்றாக மாற்றினால் மானியின் எந்தக் கோட்டை வாசிப்பது என்பதிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டிவரும்.

மழைமானியில் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் நாளாந்த மழையை அளப்பது காலை 8.30க்கு. பாடசாலை 7.30க்குத் தொடங்கிவிடும். அதனால் வாசிப்பு நேரம் பாடத்துக்கு நடுவே விழுகிறது. பத்து நிமிடம் வெளியே போக ஒரு பிள்ளைக்கு நிரந்தர அனுமதி வாங்குங்கள், அல்லது உதவியாளர் வாசித்து எழுத, பிள்ளைகள் இடைவேளையில் குறிப்பைச் சரிபார்க்கட்டும். "பள்ளி தொடங்க முதல் பார்த்துவிடுவோம்" என்று 7.15க்கு வாசித்தால் உங்கள் கணக்கை வேறு எந்த நிலையத்தின் கணக்கோடும் ஒப்பிட முடியாது.

8 அங்குல வாயுள்ள மானியில் 1 மில்லிமீற்றர் மழை என்பது ஏறத்தாழ 32.4 மில்லிலீற்றர் நீர். அளவுக்குழாய் உடைந்துபோனால் ஆய்வுகூட அளவுச்சாடியில் ஊற்றி இந்த எண்ணால் வகுத்துக்கொள்ளலாம். மானியை மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். வேம்புக்குக் கீழே வைத்த மானி இலைநீரைத்தான் அளக்கும்.

கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் என்றால் அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். சனி, ஞாயிறு பார்க்க முடியாவிட்டால் திங்கட்கிழமை வரும் மொத்தத்தை மூன்று நாளுக்கும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். மூன்றால் பிரித்து எழுதுவது நேர்த்தியாகத் தெரியும், ஆனால் அது பொய்க் கணக்கு.

அறைச் சாவி இரண்டு வேண்டும், ஒன்று காவலாளியிடம். அலுமாரிச் சாவி மட்டும் உதவியாளரிடம். அதிபர் அறையில் ஒரே சாவி தொங்கும் நிலையம் கூட்டம் நடக்கும் நாட்களில் திறக்காது.

கேள்வி: கல்லூரிக் கிணற்று நீரைச் சோதனைப் பட்டியால் (நீரில் தோய்த்து நிறம் பார்க்கும் தாள்) பார்த்தபோது நைத்திரேற்று 50 என்று காட்டியது. வெளியே ஆய்வுகூடத்துக்கு அனுப்பியபோது 11 என்று வந்தது. பட்டி பிழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எறிந்துவிடலாமா?
— ஆய்வுகூட உதவியாளர், உரும்பிராய்

பதில்: எறிய வேண்டாம். இரண்டும் அநேகமாக ஒரே விடையைத்தான் சொல்கின்றன. பட்டி நைத்திரேற்று முழுவதையும் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. ஆய்வுகூடம் அதிலுள்ள நைதரசனை மட்டும் சொல்லியிருக்கிறது. நைதரசன் கணக்கை 4.43 ஆல் பெருக்கினால் நைத்திரேற்றுக் கணக்கு வரும்: 11.3 ஐப் பெருக்கிப் பாருங்கள், 50 வரும். அறிக்கையில் அலகுக்குப் பக்கத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கொப்பியிலும் இரண்டில் ஒன்றைத் தெரிந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதிவையுங்கள்.

ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையே லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான். நீங்கள் வரம்பில் நிற்கிறீர்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். போத்தல் பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த நீரில் பால் கரைப்பது ஆபத்து என்பதைச் சிற்றுண்டிச்சாலையில் வேலைசெய்யும் தாய்மாருக்கும் சொல்லிவையுங்கள்.

எப்போது எடுத்த நீர் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் கிடக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் செம்மண் வழியே இறங்கி அங்கேதான் போய்ச் சேரும். மழை தொடங்கியதும் மேல்மண்ணில் கிடந்தது கழுவுண்டு இறங்கும். ஆகவே ஓகஸ்டில் ஒன்று, டிசெம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு மாதிரியாவது வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாதிரி எடுத்துவிட்டு "எங்கள் கிணறு நல்லது" என்று பலகை எழுதக் கூடாது.

எடுக்கும் முறை: பம்பு போட முதல், காலையில். வாளியை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு இறக்குங்கள், கயிற்றில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தால் சரி. ஆழம் மாறினால் நீரும் மாறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சாதாரணக் கிணற்றிலும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படைதான். போத்தலை அதே நீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, குளிரூட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் சோதித்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்த முறை சரிவராது. அதற்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலை அலசாமல் நிரப்பி அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

பட்டிகள் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். ஈரக்கையால் எடுப்பதும் மூடியைத் திறந்துவைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும்தான் காரணம். பெட்டியில் எழுதிய நேரத்துக்குச் சரியாக வாசியுங்கள், தாமதித்தால் நிறம் கறுத்து அளவு கூடியதுபோல் தெரியும். கடத்துதிறன் மானி வைத்திருந்தால் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலால் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். அது உவர் கூடுகிறதா என்று சொல்லும், நைத்திரேற்றைத் தனியே பிரித்துச் சொல்லாது. அமில, காரத் தன்மையை அளக்கும் பீஎச் மானியின் முனையைக் காய விடாதீர்கள், காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடவும் வேண்டாம். அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் வையுங்கள். மானி பழுதென்று கடைக்கு வருவதில் பல இப்படிக் கொன்றவைதான்.

கேள்வி: கூட்டெருக் குவியல் ஓகஸ்ட் முழுக்க அப்படியே கிடந்தது. ஒக்ரோபர் மழையோடு நாறத் தொடங்கிவிட்டது. பக்கத்து வகுப்பறை ஆசிரியர்கள் மூடச் சொல்கிறார்கள்.
— மாணவர், சாவகச்சேரி

பதில்: இரண்டும் ஒரே குவியலின் இரண்டு நோய். முதலில் நீர் போதவில்லை, பிறகு காற்று போதவில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் பதம். ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓடினால் காய்ந்த சருகு கலந்து புரட்ட வேண்டும்.

அளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர். அதைவிடச் சிறிய குவியல் சூட்டைப் பிடித்துவைக்காது. கனவளவில் மூன்று பங்கு காய்ந்த இலை (மா, பூவரசு எதுவானாலும்), ஒரு பங்கு பச்சை (சீமைக்கிளுவை இலை, மரக்கறித் தோல்), இடையிடையே மாட்டுச்சாணக் கரைசல். பனையோலை மட்டை, தென்னமட்டை இரண்டையும் குவியலுக்குள் போட வேண்டாம், அடியில் பரப்பினால் காற்றுப் போக உதவும். நான்காம், ஐந்தாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள். கையில் பிடிக்கக் கஷ்டமான சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. சூடு தணியும்போது புரட்டுங்கள், முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதம் பிடிக்கும்.

நாற்றத்தையும் பிரித்து அறியலாம். மூக்கைக் குத்தும் அமோனியா நாற்றம் என்றால் பச்சை கூடிவிட்டது. கூழ்முட்டை நாற்றம் என்றால் நீர் தேங்கிக் காற்று அற்றுவிட்டது. உங்களுடையது அநேகமாக இரண்டாவது. நிலத்தை ஒரு சாண் உயர்த்தி, மேலே கிடுகுக் கூரை போடுங்கள். பொலித்தீன் விரிப்பால் இறுக்கி மூடினால் இன்னும் மோசமாகும். மத்தியானச் சோறு, மீன் குழம்பு மிச்சம் எதுவும் உள்ளே போகக் கூடாது, எலியும் நாயும் வரும்.

அடுப்புச் சாம்பல் போடச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். வேண்டாம். எங்கள் மண்ணும் கிணற்று நீரும் ஏற்கெனவே சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்தவை. சாம்பல் அதைக் கூட்டும், நைதரசனையும் அமோனியாவாகப் பறக்கவிடும்.

கேள்வி: போன வருடம் சேர்த்துவைத்த வேப்பங்கொட்டை ஒன்றும் முளைக்கவில்லை. பையில் போட்ட பனங்கொட்டையும் உருப்படவில்லை. மண் பிழையா?
— பொறுப்பாசிரியர், பருத்தித்துறை

பதில்: மண்ணில் பிழை இல்லை. வேப்பங்கொட்டையை அடுத்த வருடத்துக்கு வைத்தால் அது விதையல்ல, எண்ணெய்க்குத்தான் ஆகும். முளைக்கும் திறன் சில வாரங்களில் போய்விடும். மரத்தில் மஞ்சளாகும் பழத்தைப் பொறுக்கி, மணலோடு தேய்த்துச் சதையைக் கழுவி, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி, அந்த வாரமே ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். பைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு கூட்டெரு. இரு வாரத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கி இடம்மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கிவிடும், நடும்போது அறுந்துபோகும். ஜூலையில் போட்டது அந்த மாரிக்கு நடப் போதிய அளவு வளராது. அடுத்த மாரி வரை தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று பார்த்துவிட்டு விதையுங்கள், 500 பை அடுக்கிவிட்டு அல்ல.

பனை பைக்கு ஒத்துவராது. முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கிய பிறகுதான் இலை மேலே வரும். பை அடியில் அது முட்டி வளைந்துவிடும். மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, மழைக்கு முன் கொட்டையைப் புதையுங்கள். தடியும் பெயர்ப்பலகையும் நட மறக்க வேண்டாம். தை பிறக்கும்போது கிழங்கென்று யாராவது கிண்டிக்கொண்டு போய்விடுவார்கள்!

நட்ட மரங்களை எண்ணும் நாள் நடுகை விழாவன்று அல்ல. அடுத்த ஓகஸ்ட் 31இல் எண்ணி, அந்த எண்ணை அறிக்கையில் போடுங்கள்.

கேள்வி: பிளாஸ்ரிக் போத்தல் ஆறு சாக்கு சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவர் வருவதாகச் சொல்லி வரவேயில்லை.
— மாணவத் தலைவி, மானிப்பாய்

பதில்: நசுக்காத போத்தல் என்றால் அவர் வந்தாலும் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போவார். அரை லீற்றர்ப் போத்தல் ஒரு கிலோவுக்கு ஐம்பது அறுபது வேண்டும். மூடியைக் கழற்றித் தனியே போடுங்கள், அது வேறு வகைப் பிளாஸ்ரிக். அலசிக் காயவைத்து நசுக்குங்கள். எண்ணெய்ப் போத்தலும் கிருமிநாசினிப் போத்தலும் கலக்கக் கூடாது. பக்கத்துப் பாடசாலைகள் இரண்டோடு சேர்ந்து ஒரே நாளில் ஏற்ற வைத்தால் வண்டிச்செலவு அவருக்குக் கட்டும். அதுவரை சாக்குகள் கூரைக்குக் கீழே இருக்கட்டும். மழைநீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு பறக்கும், பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

கேள்வி: குப்பையைப் பிள்ளைகள் பிரித்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் என்னையே கிளறிப் பிரிக்கச் சொல்கிறார்கள். கையில் இரண்டு தடவை கண்ணாடி வெட்டிவிட்டது. மறுக்கலாமா?
— சிற்றூழியர், நல்லூர்

பதில்: மறுக்கலாம். பிரித்தல் என்பது போடும் இடத்தில் நடக்க வேண்டிய வேலை. கலந்துவிட்ட வாளியை வெறுங்கையால் கிளறுவது உங்கள் கடமையல்ல. கலந்த வாளியைக் கிளறாமல், எந்த வகுப்பினதோ அந்த வகுப்பு வாசலில் திருப்பி வைக்கும் அதிகாரத்தை அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பழக்கம் மாறும்.

உங்களுக்கு நிலையம் வாங்கித்தர வேண்டியவை: தடித்த றப்பர்க் கையுறை இரண்டு சோடி (ஒன்று காய, மற்றது கையில்), முழங்கால் வரையான சப்பாத்து, நீண்ட இடுக்கி, உடைந்த கண்ணாடிக்கு மூடியுள்ள தகர வாளி ஒன்று. வெட்டுக்காயம் பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, ஏற்புத்தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்லி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மாரியில் வெள்ளம் நின்ற இடத்தில் காயத்தோடு இறங்காதீர்கள். 2024 டிசெம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்தது நினைவிருக்கும். வெள்ள நீரில் வேலை தவிர்க்க முடியாததென்றால், முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வேலைக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.