ஆச்சி பனியில சறுக்கலாமா?

கேள்வி: மகன் சூரிச்ல வேலை பாக்குறான், பொங்கல் முடிஞ்சதும் வாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டான். மலையில பலகை வண்டி மாதிரி ஒண்ணுல உக்காந்து ஆறு கிலோமீட்டர் பனியில சறுக்கிட்டு வரலாம், டொபாகனிங்னு பேரு, வாங்க ஆத்தாங்குறான். எனக்கு வயசு 57, அவுக வேணவே வேணாங்குறாக. சேலையோட உக்கார முடியுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: சேலை மட்டும் வேணாம் ஆச்சி, முந்தானை சட்டத்துக்கு அடியில போயிருச்சுன்னா அவ்வளவுதான். ஜீன்ஸும் ஆகாது, நனைஞ்சா காயவே காயாது. தண்ணி எறங்காத பேன்ட், கம்பளி சாக்ஸ், அடியில நல்லா பல்லு இருக்குற பூட்ஸ், ஹெல்மெட், இது நாலும் கண்டிப்பா வேணும்.

ஆறு கிலோமீட்டர்னா அவர் சொல்றது அனேகமா ப்ரேடாவுல இருந்து பெர்க்யூன் வர்ற தடமா இருக்கும். மத்த நாள்ல கார் போற அல்புலா கணவாய் ரோடுதான் அது, பனிக்காலத்துல மூடிட்டு சறுக்க விட்டுருவாங்க, சுமார் 400 மீட்டர் எறக்கம், மேல ஏற ட்ரெயின் இருக்கு, ராத்திரியில லைட்டும் போட்டு விடுவாங்க. டொபாகனிங்னு பேரு சொன்னாலும் வண்டி வேற. கனடா பழங்குடி மக்களோட டொபாகன் அடியில சறுக்குற சட்டமே இல்லாத தட்டைப் பலகை, முன்னாடி மட்டும் சுருண்டிருக்கும். ஸ்விஸ்ல குடுக்குறது மர வண்டி, அடியில ரெண்டு இரும்புப் பட்டை.

நாமல்லாம் சின்னதுல கண்மாய்க் கரையில பனமட்டைய போட்டு சறுக்குனவங்கதானே, அதே கததான், என்ன, இங்க வேகம் சாஸ்தி. பிரேக்கு நம்ம காலுதான். நான் காஷ்மீர்ல குல்மார்க் போனப்போ ஒரு சின்ன மேட்டுல பழைய பழக்கத்துல குதிங்கால ஊனிட்டேன், பனி மொத்தமும் வாயிலயும் மூக்குலயும் அடிச்சு கண்ணு தெரியாம வண்டியோட கவுந்தேன், அடி படல, மானம்தான் போச்சு. ரெண்டு பாதத்தையும் தட்டையா அழுத்தி தேய்க்கணும். இடது பக்கம் திரும்பணும்னா இடது கால தேச்சு, அந்தப் பக்கத்து கயித்த இழுக்கணும். தலைய முன்னாடி நீட்டி குப்புறப் படுத்துக்கிட்டு போறதெல்லாம் இளவட்டங்க வேலை, நமக்கு எதுக்கு.

முட்டி வலியோ எலும்புத் தேய்மானமோ இருந்தா டாக்டர்ட்ட கேக்காம ஏறாதீங்க. அப்படி இருந்தாலும் ப்ரேடா வரைக்கும் போங்க ஆச்சி, மகன் சறுக்கி வரட்டும், நீங்க ரெண்டு பேரும் அதே ட்ரெயின்ல கீழ எறங்குங்க. மலைக்குள்ளயே சுத்திச் சுத்தி எறங்குற பாதை, 1903ல ஓட ஆரம்பிச்சது, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அண்ணாச்சிக்கும் இது சம்மதமாத்தான் இருக்கும்.

கேள்வி: அவ்வளவு தூரம் போகாம இந்தியாவுலயே சறுக்க முடியாதா?
- வாசகர், புதுவயல்

பதில்: குல்மார்க், மணாலி பக்கம் சோலாங், உத்தராகண்ட்ல ஔலி. ஜனவரி, பிப்ரவரியில போங்க. குல்மார்க்ல மர வண்டிய கயித்துல கட்டி மேட்டுக்கு இழுத்துட்டுப் போக ஆள் இருப்பாங்க, எறங்குறப்போ அவங்களே முன்னாடி உக்காந்து ஓட்டுவாங்க. ரேட்ட பேசி முடிச்சிட்டு உக்காருங்க, பாதி மேட்டுல வச்சு பேரம் பேசுனா நடந்துதான் எறங்கணும்.