கேள்வி – பதில்: அத்திக் அகமதுவும் கூண்டேறிய ஒரு சாட்சியும்

கேள்வி: அத்திக் அகமதுவும் அவர் தம்பியும் போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகளில் பெயர் அடிபட்ட ஒருவர் ஐந்து முறை சட்டமன்றத்துக்கும் ஒரு முறை நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது எப்படி?
– வாசகர், விருதுநகர்

பதில்: அத்திக் அகமது, உத்தரப் பிரதேசத்தில், இன்று பிரயாக்ராஜ் என்று பெயர் மாறியிருக்கும் அலகாபாத்தில், குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மகனாக 1962இல் பிறந்தவர். 1979இல், பதினேழு வயதில், முதல் கொலை வழக்கில் அவர் பெயர் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆள் கடத்தல், பணம் பறித்தல், நில அபகரிப்பு என்று வழக்குகள் குவிந்தன. 1989இல் அலகாபாத் மேற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். 1991, 1993 தேர்தல்களிலும் சுயேச்சையாகவே வென்றார். சமாஜ்வாதி கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுத்தது 1996இல்தான். 2002இல் அப்னா தளம் என்ற கட்சியின் சார்பில் ஐந்தாம் முறை வென்றவர், 2004இல் மறுபடியும் சமாஜ்வாதிக்கே திரும்பி, ஒரு காலத்தில் நேரு நின்று வென்ற பூல்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஏதோ ஒரு கட்சி அவரை உருவாக்கிவிட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். மூன்று தேர்தல்களில் தனியாகவே வென்று காட்டிய ஒருவரைத் தேடிக் கட்சிகள் போயின என்பதே சரி. அப்படிப் போன கட்சிகள் அவருக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தன. அதுவரை அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கிய காவல் துறை, அதன்பின் அவருக்கு வணக்கம் வைக்க வேண்டியதாயிற்று. சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தண்டனை பெற்றவர்தான் தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்பார். எத்தனை வழக்குகள் நிலுவையில் இருந்தாலும், சிறையிலேயே இருந்தாலும், வேட்புமனு தாக்கல் செய்யலாம்.

வாக்களித்தவர்கள் எல்லாரும் அஞ்சி வாக்களித்தார்கள் என்று நான் நம்பவில்லை. வாய்தா வாங்கி வாங்கியே வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும் ஊரில், ஒரே நாளில் பஞ்சாயத்துப் பேசி முடித்துவிடும் ஆளிடம் மனிதர்கள் போகத்தான் செய்வார்கள். அந்தத் தீர்ப்பு எவருடைய நிலத்தைப் பிடுங்கியது என்பது, நிலத்தை இழந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

கேள்வி: 1979இல் தொடங்கியவருக்கு முதல் தண்டனை கிடைக்க நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆனது ஏன்? நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?
– வாசகி, நாமக்கல்

பதில்: நீதிபதிகளும் மனிதர்கள்தான் என்பதற்கு ஒரு செய்தி. 2012 சட்டமன்றத் தேர்தலின்போது பிரசாரம் செய்வதற்காக அத்திக் கேட்ட ஜாமீன் மனுவை விசாரிப்பதிலிருந்து அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதிகள் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக விலகிக்கொண்டார்கள். நீதிபதிக்கே அந்தத் தயக்கம் என்றால், கூண்டில் ஏறி நிற்கும் சாட்சியின் நிலையை நினைத்துப் பாருங்கள். வழக்குகள் உடைந்தது அங்கேதான். அதை ஒரே ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். உமேஷ் பால் என்ற பெயர் உங்கள் நினைவில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அத்திக் மக்களவைக்குப் போனதும் காலியான அலகாபாத் மேற்குத் தொகுதியில் தம்பி அஷ்ரஃபை நிறுத்தினார். 2004 இடைத்தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சியின் ராஜு பால் அஷ்ரஃபைத் தோற்கடித்தார். ராஜு பால் மீதும் வழக்குகள் இருந்தன. அவரைத் தியாகி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் 2005 ஜனவரி 25 அன்று, மணமாகிச் சில நாள்களே ஆகியிருந்த அந்தச் சட்டமன்ற உறுப்பினர் பட்டப்பகலில் நடுச்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மீண்டும் இடைத்தேர்தல் வந்தது. இம்முறை, கொலையானவரின் மனைவி பூஜா பாலைத் தோற்கடித்து அஷ்ரஃப் சட்டமன்றத்துக்குப் போனார்.

அந்தக் கொலை வழக்கின் சாட்சிகளில் ஒருவர்தான் உமேஷ் பால். 2006 பிப்ரவரியில் அவரைக் கடத்திச் சென்று, கொலை நடந்தபோது தாம் அங்கே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்ல வைத்தார்கள் என்பது பின்னாளில் நிரூபணமான குற்றச்சாட்டு. ஆட்சி மாறியபின், 2007 ஜூலையில்தான் அவரால் புகார் கொடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தக் கடத்தல் வழக்குக்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார். 2023 பிப்ரவரி 24 அன்று அதே வழக்கின் விசாரணை முடிந்து வீடு திரும்பி, தம் வீட்டுச் சந்து முனையில் காரிலிருந்து இறங்கியபோது, காத்திருந்தவர்கள் அவரைச் சுட்டார்கள், வெடிகுண்டுகளையும் வீசினார்கள். அவரும், அவருக்குப் பாதுகாப்பாக அரசு கொடுத்திருந்த இரண்டு காவலர்களும் உயிரிழந்தார்கள். 2023 மார்ச் 28 அன்று அத்திக்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, அந்தத் தீர்ப்பைக் கேட்க உமேஷ் பால் இல்லை.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்து, அதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. சாட்சி சொல்பவரின் முகவரியை மறைப்பது, தேவைப்பட்டால் அவரை வேறு இடத்தில் குடியமர்த்துவது எல்லாம் அதில் உண்டு. உமேஷ் பால் மரணத்தை எண்ணும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்: காகிதத்தில் வழி இருந்தது, இரண்டு துப்பாக்கிகளும் காவலுக்கு இருந்தன, ஆனாலும் அவர் எத்தனை மணிக்கு எந்தச் சந்தில் இறங்குவார் என்பது கொலைகாரர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: சட்டம் செய்யத் தவறியதை மூன்று இளைஞர்கள் செய்தார்கள் என்று என் நண்பர்கள் மகிழ்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த மகிழ்ச்சியில் என்னால் பங்குகொள்ள முடியவில்லை. ஒன்றை மறந்துவிட்டோம்: அத்திக்கின் வீழ்ச்சி துப்பாக்கியால் தொடங்கவில்லை. 2007இல் அஷ்ரஃபையும் 2012இல் அத்திக்கையும் அதே தொகுதியில் தோற்கடித்தவர் பூஜா பால். 2014இல் சிராவஸ்தி மக்களவைத் தொகுதியிலும் அத்திக் தோற்றார். 2017இல் கைதானபின் அவர் வெளியே வரவே இல்லை. தேவரியா சிறையில் இருந்தபோது லக்னோ தொழிலதிபர் ஒருவரைச் சிறைக்குள்ளேயே வரவழைத்து அடித்ததாக எழுந்த புகாரை அடுத்து, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2019இல் குஜராத்தின் சபர்மதி சிறைக்கு மாற்றப்பட்டார். கடைசியாக ஆயுள் தண்டனையும் வந்தது. மிகவும் தாமதமாக, மிகுந்த உயிர்ச் சேதத்தோடு, ஆனாலும் சட்டம் அவரை எட்டிப் பிடித்திருந்தது.

2023 ஏப்ரல் 13 அன்று, உமேஷ் பால் கொலையில் தேடப்பட்டுவந்த அத்திக்கின் மகன் ஆசாத் ஜான்சியில் என்கவுன்டரில் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி இரவு, மருத்துவப் பரிசோதனைக்காக அத்திக்கையும் அஷ்ரஃபையும் ஒரே விலங்கில் பிணைத்துப் பிரயாக்ராஜில் ஒரு மருத்துவமனைக்கு நடத்தி வந்தார்கள். மகனின் அடக்கத்துக்கு உங்களை அழைத்துப் போகவில்லையே என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். அழைத்துப் போகவில்லை, அதனால் போகவில்லை என்றார் அத்திக். அடுத்து அஷ்ரஃப், "முக்கியமான விஷயம் என்னவென்றால்" என்று தொடங்கி, ஒரு கூட்டாளியின் பெயரைச் சொன்னார். அதற்குள், செய்தியாளர்களைப் போல வந்திருந்த மூவர் சுட்டுவிட்டார்கள். அந்த வாக்கியம் அதோடு நின்றது. முப்பது ஆண்டுகளாக அவர்களுக்குத் துணை நின்ற அதிகாரிகள் யார், அரசியல்வாதிகள் யார், பங்கு பெற்றவர்கள் யார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கக்கூடிய அத்தனை கேள்விகளும் அங்கேயே விழுந்துவிட்டன.

ராஜு பால் கொலை வழக்கில் லக்னோ சி.பி.ஐ. நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஏழு பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அத்திக், அஷ்ரஃப் இருவர் மீதான குற்றச்சாட்டுகள், அவர்கள் உயிரோடு இல்லாததால், தீர்ப்புக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தன.