வேலூரில் மருதாணி வேலிக்குள் "டக்... டக்" என்று கத்தும் பழுப்புக் குருவி எது?

முதுகு மங்கிய பழுப்பு, அடிப்பக்கம் வெளிர் நிறம், ஐப்பசி வாக்கில் கேட்கத் தொடங்கி கோடையில் காணாமல் போகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ப்ளைத் நாணல் கதிர்க்குருவிதான். வலசைப் பறவை. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பத்துப் பதினைந்து கிராம்கூடத் தேறாத உடம்போடு குளிர்காலத்துக்கு நம்மூர் வருகிறது. எனக்கு இது தீராத ஆச்சரியம்!

கண்ணுக்கு மேலே பாருங்கள். அலகடியில் தொடங்கும் வெளிர்கோடு, கண்ணைத் தாண்டுவதற்குள் மங்கிவிடும். அலகு மெல்லியது, உடம்புக்குச் சற்றே நீளம். வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் சாம்பல் கதிர்க்குருவி நீண்ட வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மர உச்சியில், இறக்கையில் மெல்லிய வெள்ளைக்கோட்டோடு திரிந்தால் அது வேறு, இலைக் கதிர்க்குருவி வகை.

துரத்திக்கொண்டு போனால் கிடைக்காது. பாலாற்றுக் கரையிலோ அமிர்திக் காட்டோரத்திலோ, சீமைக்கருவேலம், உண்ணிச்செடிப் புதர் பக்கம் காலையிலேயே போய் அசையாமல் நில்லுங்கள். முதலில் சத்தம், அப்புறம் இலை அசைவு, கடைசியில்தான் குருவி. ஊர் திரும்புவதற்குமுன், மார்ச் ஏப்ரலில், சில சமயம் பாடவும் செய்யும். மற்ற பறவைகளின் குரலையும் அதில் கலந்து பாடும். அந்த மாதங்களைத் தவறவிடாதீர்கள்.